பன்னிரண்டு அடியில் ஒரு தகரத் தட்டு

“முட்டி போடுங்க சார்,” என்றார் ஒலீட்டா ஹின்கிள்.

பிட்ஸ்பர்கிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்த பல் டாக்டர் தன் கால்சட்டையைப் பார்த்தார். அன்று காலைதான் மடிப்புக் கலைத்த புதுசு. கடைக்குப் பின்னால் கிடந்த சேற்றைப் பார்த்தார். பிறகு ஒலீட்டாவின் முகத்தைப் பார்த்தார். மூன்றையும் எடைபோட்டு, சேறு தேவலை என்று முடிவு செய்து, முட்டி போட்டார்.

எதிரே இரண்டு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஒரு வாய்க்கால். அதன்மேல் கூரை மாதிரிக் கவிந்த லாரல் புதர். புதருக்கு அடியில், அளந்துவைத்தாற்போல் பன்னிரண்டு அடி தூரத்தில், கயிறு கட்டி மிதக்கவிட்ட ஒரு தகரத் தட்டு. ஒரு காலத்தில் ஒலீட்டா வீட்டு ‘ஆப்பிள் பை’ பலகாரம் அதில்தான் வெந்தது. டாக்டர் கையில் அவரே அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு வந்த ஒன்பதடித் தூண்டில் கோல். நூலின் முனையில் கட்டவேண்டியது இறகும் ரோமமும் வைத்துச் செய்த பொய்ப்பூச்சி. சோதனை என்பதால் அதற்குப் பதில் சின்ன ஈய மணி கோத்த ஒரு சிவப்புக் கம்பளித் துணுக்கு. துணுக்கைத் தட்டில் போடவேண்டும். அவ்வளவுதான்.

டாக்டர் கோலைத் தலைக்குமேல் தூக்கிப் பின்னால் வீசினார். துணுக்கு கிளையில் மாட்டியது.

“மாட்டிக்கிச்சே.”

“மாட்டும் சார்.”

“எழுந்து போய்க் கையால எடுத்துடட்டுமா?”

“கிளையைத் தொடாதீங்க. அறுத்துடுங்க.” இடுப்பில் தொங்கிய கத்தரியை நீட்டினார். “அது அங்கயே இருக்கட்டும்.”

அங்கேயே இருந்தவை நூற்றுக்கணக்கில். பதினைந்து வருஷமாக வந்துபோனவர்களின் கம்பளித் துணுக்குகள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, இலை தெரியாமல் அந்தப் புதரில் தொங்கின. நம்மூர்க்காரர் யாராவது பார்த்தால் வேண்டுதல் மரம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அதுவும் பெரிய தப்பில்லை. எல்லாரும் எதையோ கேட்டு வந்தவர்கள்தான். கேட்டது கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மூன்று துணுக்குகளைக் காணிக்கை செலுத்திவிட்டு டாக்டர் எழுந்தார். “நான் கோல் வாங்க வந்தேன். பரீட்சை எழுத வரலை,” என்றார். முழங்காலில் இரண்டு சேற்று வட்டங்களோடு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது சென்ற ஏப்ரலில்.

அவர்மீது ஒலீட்டாவுக்கு வந்த கோபம் அவர் முட்டி போடுவதற்கு முன்பே வந்தது. கடைக்குள் நுழைந்ததும் அவர் சொன்னது இது: “சின்ன ஓடையில டிரவுட் பிடிக்க ஒரு கோல் வேணும். எப்பவாவது பாஸுக்கும் ஆகணும்.”

மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைப்பக்கத்தில் ஓடைகள் குறுகல், டிரவுட் உள்ளங்கை நீளம். பாஸ் வேறு சாதி. கீழே அகன்ற ஆற்றில் இருக்கும், முரட்டு மீன், சண்டை போடும். ஓடைக்குக் குட்டைக் கோலும் மெல்லிய நூலும்; ஆற்றுக்கு நீண்ட கோலும் கனத்த நூலும். நூலின் கனத்துக்கு நம்பர் உண்டு, நம்பர் ஏற ஏறக் கோலும் விறைப்பு. இரண்டையும் ஒரே கோலில் கேட்பவர்கள் எல்லாரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் கேட்பார்கள்: எப்பவாவது.

“எப்பவாவதுங்கிறது எந்த மாசத்துல சார் வருது?” என்பார் ஒலீட்டா. குரல் ஏறாது. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும். “இருபத்திரண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். எப்பவாவது பனி கொட்டும்னு ஆகஸ்ட்லயே சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கிட்டா ஓட்டினேன்? வருஷத்துல முப்பது நாள் ஓடையில நிப்பீங்க. ஒரே ஒரு நாள், அதுவும் மச்சான் வந்தா, ஆத்துக்குப் போவீங்க. அந்த ஒரு நாளுக்காக முப்பது நாளும் மரத்துல மீன் பிடிக்கணுமா?”

பேச்சில் ‘சார்’ வந்தால் ஆள் தொலைந்தான் என்று பொருள். பிடித்தவர்கள் எல்லாரும் அவருக்குக் ‘கண்ணு’. இந்த ஊரில் எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் நாலு வருஷம் நான் சார்.

ஆள் உயரம், ஒல்லி, வயது ஐம்பத்தெட்டு. தொடை வரை தொங்கும் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை, ஜூலையிலும். சட்டைப்பையில் மெழுகுத்தாளில் சுற்றிய, இறைச்சித் துண்டு வைத்துச் சுட்ட ரொட்டி, பாதி பெப்பரோனி ரோல். மீதிப் பாதியை யாரும் என்றும் பார்த்ததில்லை. கல்லாவுக்கு மேலே ஒரு பெரிய குவிகண்ணாடி, பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கழற்றிக்கொண்டு வந்தது. கடையில் யார் எந்த மூலையில் நின்றாலும் அதில் தெரியும். திரும்பிப் பார்க்காமலே, “அந்தக் கோலை ஆட்டாதீங்க சார், அது நாய் வால் இல்ல,” என்பார். ஆட்டியவர் ஐந்து வயதுப் பையனைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஒலீட்டா சிபாரிசு செய்வது ஒரே அளவு: ஏழரை அடி, நாலாம் நம்பர். நம்மிடம் ஏழரை என்றால் சனி. அங்கே கேட்டவர்கள் பலருக்கும் முகம் அப்படித்தான் போகும்.

கடை அவருடையதல்ல. தம்பி ஆர்லியுடையது. அப்பா கிளீட் ஹின்கிள் இறந்தபோது கடையை மகனுக்கும் அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை மகளுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்லி தங்கமான ஆள். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னது சரி என்று நம்புவார். இதனால் கடையில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கும்படி ஒலீட்டா பார்த்துக்கொண்டார்.

அந்தக் கோபத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. ஒருநாள் நானாகக் கேட்டேன், ஏன் இந்தப் புதர், ஏன் இந்தத் தட்டு, விற்றுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று. பெப்பரோனி ரோலைப் பிரித்தவர் மறுபடி சுற்றிவைத்தார்.

“எனக்குப் பன்னெண்டு வயசு. அவனுக்குப் பத்து. அப்பா ரெண்டு கோல் எடுத்துட்டு வந்தாரு. நீளமா ஒண்ணு, அவரு பாஸுக்கு வச்சிருந்து வேண்டாம்னு போட்டது. குட்டையா ஒண்ணு, புதுசு. நான் உயரம், அதனால நீளம் எனக்கு. அவன் குள்ளம், குட்டை அவனுக்கு. நியாயம்தானே கண்ணு? வீட்டுல எல்லாருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.”

“அப்புறம்?”

“அவன் ஓடையில மீன் பிடிச்சான். நான் மரத்துல பிடிச்சேன். ஒரு வெயில் காலம் முழுக்க. ஒலீட்டாவுக்குக் கை வராதுன்னாரு அப்பா. பெரியம்மா சொன்னா, மாமன் சொன்னான். சர்ச்சுல பாதிரியார்கூடச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. சரி, எனக்குக் கை வராதுன்னு வச்சுட்டேன். அப்புறம் முப்பது வயசுல, இவன் கால உடைச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்போ, சும்மா கிடக்குதேன்னு இவனோட குட்டைக் கோலை எடுத்துட்டுப் போனேன். ஏழு மீன். ஒரே மத்தியானத்துல ஏழு.”

சந்தோஷமாக இருந்திருக்குமே என்று சொல்லித் தொலைத்தேன்.

“சந்தோஷமா?” குரல் கிணற்றுக்குள் போனது. “அங்கயே கல்லுமேல உக்காந்து அவ்வளவு கெட்ட வார்த்தை பேசினேன். பதினெட்டு வருஷம் சார். பதினெட்டு வருஷம் என் கையில கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

அந்த ஒரு மத்தியானத்துக்கு நானும் மறுபடி சார் ஆனேன்.

மே மாதம் ட்ரெவர் ஸ்லோகம் வந்தார். கோல் செய்யும் கம்பெனி ஒன்றின் ஆள்; முப்பத்தைந்து வயது, சுத்தமான தொப்பி, நல்ல பற்கள். ஆர்லியின் கடையைத் தங்கள் விற்பனை இடமாக எடுத்துக்கொள்ளக் கம்பெனி தயார். ஒரே நிபந்தனை: வாங்க வருபவர்கள் கோலை வீசிப் பார்க்க அறுபதடிப் புல்வெளி வேண்டும். கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. புதர் மட்டும்தான் தடை.

“புல்வெளி,” என்றார் ஒலீட்டா, ஏதோ தோல் வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. “புல்லுல மீன் இருக்கா சார்?”

“இல்ல மேடம். ஆனா கோல் எப்படின்னு கைக்குத் தெரியும்ல?”

“அறுபதடிக்கு வீசினா விறைப்பான கோல்தான் சொகமா இருக்கும். ஆஹான்னு வாங்கிட்டுப் போவான். எங்க ஓடையில அறுபதடி எங்க சார் இருக்கு? பன்னெண்டு அடிக்கு மேல வீசினா அடுத்த ஜில்லா.”

“ஒன்பதடி, அஞ்சாம் நம்பர், மேடம். டிரவுட்டுக்கும் ஆச்சு, பாஸுக்கும் ஆச்சு. ஒரே கோல்.”

“அக்கா,” என்றார் ஆர்லி, “அவரு சொல்றதும் சரிதானேக்கா. ரெண்டுக்கும் ஒண்ணுன்னா ஜனங்களுக்குச் செலவு மிச்சம்.”

“உனக்கு எவன் சொல்றதுடா சரியில்ல?” பிறகு கம்பெனிக்காரரிடம் திரும்பினார். “சார். அந்த ஒன்பதடியை எடுத்துக்கிட்டு வாங்க. பின்னால தட்டு இருக்கு. பத்துத் தடவை போடுங்க. ஒரு தடவை விழுந்துட்டா, புதரை நானே என் கையால வெட்டறேன்.”

கடையில் அப்போது நான் இருந்தேன், தபால்காரர் இருந்தார், தொப்பி வாங்க வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். எல்லாரும் பின்னால் போனோம். பதினைந்து வருஷமாக ஒன்பதடிக் கோலால் அந்தத் தட்டில் ஒருவரும் போட்டதில்லை. ஒலீட்டா சிரிக்கவில்லை, ஆனால் பாதி ரோலை எடுத்து ஒரு கடி கடித்தார். அவர் அதைத் தின்று நாங்கள் பார்த்தது அன்றுதான்.

ட்ரெவர் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்தார். சொல்லாமலே முட்டி போட்டார். முட்டி மட்டுமல்ல, ஒரு தோளையும் தரையோடு சாய்த்தார். கோலைத் தலைக்குமேல் தூக்கவே இல்லை. தண்ணீரோடு தண்ணீராகப் படுக்கவைத்து, கம்பளித் துணுக்கை இரண்டு விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். கோல் வில்லாக வளைந்தது. விட்டார்.

டிங் என்றது தட்டு. முதல் தடவை.

தபால்காரர் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நான் இந்த மாதிரிப் புதருக்குள்ளயேதான் வளந்தேன் மேடம்,” என்றார் ட்ரெவர், எழுந்து முழங்காலைத் தட்டியபடி. பெருமையடிக்கவில்லை, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் குரல். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கெட்டவனிடம் தோற்றால் திட்டிக்கொண்டாவது இருக்கலாம்.

“பாத்தியாக்கா?” என்றார் ஆர்லி. “கோல்ல ஒண்ணுமில்ல. எல்லாம் கை.”

ஆர்லிக்கு அந்த வாக்கியம் எங்கே போய் விழும் என்று தெரியாது. குட்டைக் கோல்காரர்களுக்குத் தெரியாது. ஒலீட்டா தம்பியைப் பார்த்த பார்வையில் நாற்பத்தாறு வருஷம் இருந்தது.

“இவருக்கு எந்தக் கோலும் போதும்டா. தொடப்பக் குச்சி குடுத்தாலும் போடுவாரு. ஆனா வாங்குறது இவரு இல்லையே. வாங்குறது யாரு? பல் டாக்டரு. பேங்க்ல வேலை பாக்கிற பொம்பளை. அவங்களுக்கு மாட்டினா அவங்க என்ன நினைப்பாங்க தெரியுமா? கோல் சரியில்லன்னு நினைக்க மாட்டாங்க.”

“புதரு இருக்கட்டுமே மேடம்,” என்றார் ட்ரெவர். “கம்பெனிகிட்ட நான் பேசிப் பாக்கறேன்.”

“என் வாயிலேர்ந்து வந்ததைத் திருப்பி உள்ள தள்ள நீங்க யாரு சார்?”

மறுநாள் ஆர்லி இயந்திர ரம்பத்தோடு ஆள் அனுப்பினார். ஒலீட்டா அவனுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கைரம்பத்தால் மூன்று நாள் அறுத்தார். லாரல் கட்டை கல் மாதிரி. முதிர்ந்த அடிமரம் ஒன்றுக்கு ஒரு மத்தியானம் போயிற்று. நடுவில் யாராவது உதவிக்கு வந்தால் “தள்ளி நில்லுங்க சார்” என்றார். வெட்டிய கிளைகளைக் கம்பளித் துணுக்கோடேயே இழுத்து லாரியில் ஏற்றினார். கடைத்தெரு வழியாகப் போன அந்த லாரியைப் பார்த்து ஒருவர் தொப்பியைக் கழற்றினார், யாருடைய சாவு ஊர்வலமோ என்று. வாய்க்காலை மட்டும் தொடவிடவில்லை. வெட்டுகிறேன் என்றது புதரை. தண்ணீரைப்பற்றி எதுவும் சொல்லவில்லை என்றார்.

பாய் மாதிரிச் சுருட்டி வந்த புல்லை விரித்தார்கள். ஜூலையில் அங்கே வரிசையாக நின்று வீசினார்கள். நூல் அறுபதடி தூரம் போய் அழகாக விழும். வீசியவர் தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொள்வார். உள்ளே போய் ஒன்பதடியை வாங்குவார். ஆர்லிக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒலீட்டா குவிகண்ணாடியில் எல்லாரையும் பார்த்துக்கொண்டு கோலை உறையில் போட்டுக் கொடுத்தார். சாருக்கு நன்றி. சாருக்கு வணக்கம். சார் மறுபடி வரணும். அந்தக் கோடை முழுவதும் இந்த ஊரில் ஒரு கண்ணுகூட இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இதில் இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும், அவர் மறைத்தாலும். ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் சர்ச்சில் இருக்கும் நேரத்தில் ஒலீட்டா கீழே ஆற்றுக்குப் போவார். பாஸ் பிடிக்க. கையில் அப்பா கொடுத்த அதே நீளக் கோல். நான் ஒருமுறை பாலத்திலிருந்து பார்த்தேன். அகன்ற தண்ணீரில், தலைக்குமேல் வானம் தவிர எதுவும் இல்லாத இடத்தில், அந்த நூல் போய் விழுந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. நல்ல கோல். தப்பான தண்ணீரில் கொடுக்கப்பட்ட நல்ல கோல். மேலே பார்த்தவர் என்னைக் கண்டுகொண்டார். “வாயைத் திறந்தீங்க...” என்று ஆரம்பித்து, முடிக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, புல்வெளியில் நாலு பேர் வீசிக்கொண்டிருந்தபோது, பல் டாக்டர் வந்தார். கையில் உறையோடு ஒரு கோல். நேராகக் கல்லாவுக்குப் போனார்.

“ஏப்ரல்ல வந்தேன். ஞாபகம் இருக்காது.”

“சிவப்புக் கம்பளி. மூணு,” என்றார் ஒலீட்டா.

“வேற ஊர்க் கடையில ஒன்பதடி வாங்கினேன். இந்த சீசன் முழுக்கப் போனேன். பதினோரு தடவை.” டாக்டர் உறையைக் கல்லாமேல் வைத்தார். “இதை விக்க முடியுமான்னு கேக்க வந்தேன். நான் விட்டுடலாம்னு இருக்கேன். எனக்குக் கை வரலை.”

ஒலீட்டா கண்ணாடியைப் பார்க்கவில்லை. திரும்பி ஆளையே பார்த்தார்.

“என்ன சொன்னீங்க?”

“எனக்கு... இதுக்குக் கை வரலைங்க. நாள் பூரா நுணுக்கமா வேலை செய்யற கைதான். ஆனா இதுக்கு வரலை.”

“ஆர்லி,” என்றார் ஒலீட்டா. குரல் அவ்வளவு கீழே போய் நான் கேட்டதில்லை. “கல்லாவைப் பாத்துக்க.”

கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு குட்டைக் கோலை உருவினார். ஏழரை அடி, நாலாம் நம்பர். மே மாதத்திலிருந்து அலமாரியில் அதற்கு இடம் இல்லை. டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போனார். புல்வெளிக்குக் குறுக்கே, வீசிக்கொண்டிருந்த நாலு பேரின் நூல்களுக்கு அடியில் குனியக்கூட இல்லாமல் நடந்தார். அவர்கள் நிறுத்தினார்கள்.

வாய்க்கால் ஓரத்தில் டாக்டரை நிறுத்திவிட்டு, கயிற்றில் இன்னும் மிதந்துகொண்டிருந்த தட்டைக் காலால் நகர்த்தி, பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் அளவு. தட்டுக்கு மேலே இடுப்பு வளையக் குனிந்தார். ஒரு கையை நேராக நீட்டினார், தண்ணீரிலிருந்து ஒரு முழ உயரத்தில். இன்னொரு கையை டாக்டர் பக்கமாகத் தலைக்குமேல் வளைத்தார்.

“இது கிளை. இதுவும் கிளை. முட்டி போடு.”

டாக்டர் புல்லில் முட்டி போட்டார். முதல் வீச்சு கம்பளிச் சட்டையின் முழங்கையில் போய் மாட்டியது. பதறி எழுந்து தண்ணீரில் இறங்கப் போனார்.

“கிளையைத் தொடாத. அறுத்துடு.”

கத்தரி ஒலீட்டாவின் இடுப்பில் இருந்தது. ஆர்லிதான் கல்லாவை விட்டு ஓடிவந்து, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கத்தியை டாக்டரிடம் நீட்டினார். அறுத்தார். இரண்டாவது துணுக்கு தோளில். மூன்றாவதும் தோளில்தான், ஆனால் கொஞ்சம் கீழே.

“கையைத் தூக்காத. கோலு சின்னது, அதுவே வளையும். நீ மணிக்கட்டை மட்டும் அசை. பல்லுல ஊசி போடறப்போ இப்படியா வீசுவ?”

நாலாவது, கைக்கு அடியில் நுழைந்து தட்டின் விளிம்பைத் தொட்டு உள்ளே விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. புல்வெளியில் நின்ற நாலு பேருக்கும் கேட்டது.

டாக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பழக்க தோஷம், வாய் தவறிக் கேட்டுவிட்டார். “இது எப்பவாவது பாஸுக்கும்...”

“இன்னொரு தடவை போடு கண்ணு,” என்றார் ஒலீட்டா. சட்டையில் மூன்று சிவப்புத் துணுக்குகள் தொங்க, தண்ணீரில் குனிந்தபடி, நீட்டிய கையை இன்னும் நாலு விரற்கடை கீழே இறக்கினார்.